மூன்று விநாடி காத்திருக்கும் டீச்சர்

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. இரண்டு பள்ளிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் ஏசி வகுப்பு, ஸ்மார்ட் போர்டு எல்லாம் உண்டு, இப்போதே எழுத வைத்துவிடுவார்களாம். இன்னொன்று சாதாரணக் கட்டடம், பிள்ளைகள் பாதி நேரம் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எது தரமான பள்ளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகி

பதில்: ஏசியையும் போர்டையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரு மணி நேரம் வகுப்பின் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். உட்கார்ந்ததும் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு குழந்தை தானாக வந்து பேசும்போது டீச்சர் என்ன செய்கிறார்?

உள்ளங்கையில் எறும்போடு வந்து, ‘மிஸ், இது வீட்டுக்குப் போகுது’ என்கிறது ஒரு குழந்தை. ‘கையைக் கழுவிட்டுப் போய் உட்காரு’ என்று சொல்லும் டீச்சரும் உண்டு. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ‘அப்படியா, அதோட வீடு எங்க இருக்கும்?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பவரும் உண்டு. அப்படிச் சும்மா இருப்பது லேசான காரியம் இல்லைங்க. 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ என்பது குறைந்தது. மூன்றரை வயதுக் குழந்தைக்கு வார்த்தையைத் தேடிப் பிடிக்கவே இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

ஒரே டீச்சரிடம் முப்பது பிள்ளைகளை விட்டால் எவ்வளவு நல்லவராலும் இப்படிக் காத்திருக்க முடியாது. அதனால் ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். அவர்கள் எத்தனை வருஷமாக அங்கே வேலை பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். டீச்சர் மாறிக்கொண்டே இருந்தால் குழந்தை யாரிடம் ஒட்டும்?

அப்புறம், விளையாட்டு. 1962-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பெரி முன்பள்ளித் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் முன்பள்ளி. அங்கே இன்று என்ன செய்யப் போகிறோம் என்று குழந்தைகளே முடிவு எடுப்பார்கள், அதைச் செய்து பார்ப்பார்கள், பிறகு அதைப் பற்றி உட்கார்ந்து பேசுவார்கள். டீச்சர் வாரம் ஒரு முறை வீட்டுக்கும் போவார். அறிவுத்திறன் சோதனையில் முதலில் கிடைத்த முன்னேற்றம் சில வருஷங்களில் கரைந்துபோனது. ஆனால் 40 வயதில் பார்த்தபோது பள்ளிப்படிப்பை முடித்தவர்களும் நல்ல வருமானம் உள்ளவர்களும் முன்பள்ளிக்குப் போன பிரிவில்தான் அதிகம். இவ்வளவு சின்ன வயதில் எழுத வைக்கும் அவசரம் எனக்குப் பிடிக்கவே இல்லை. களிமண் பிசையட்டும், மணி கோக்கட்டும், விரலுக்குப் பலம் தானாக வரும்.

அதற்காக இரண்டாவது பள்ளிக்கே கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் விளையாடும்போது டீச்சர் எங்கே இருக்கிறார்? கூடவே உட்கார்ந்து பேசுகிறாரா, மூலையில் செல்போன் பார்க்கிறாரா? போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களிடம் பேசுவதற்கு முன்னால் அவளிடம் யாராவது பேசுகிறார்களா என்று பாருங்கள்.