டிஸ்க் திணறுகிறதா? செக்டிஸ்க் அப்புறம், காப்பி முதலில்

கேள்வி: என் கம்ப்யூட்டரில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் ஒரு நிமிடம் எல்லாம் உறைந்துபோய், பிறகு ஓடுகிறது. எப்போதாவது ‘டிக்’ என்று சத்தம் கேட்கிறது. செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகும் என்கிறார்கள். பேக்கப் இல்லை. ஓட்டலாமா?

பதில்: இப்போது வேண்டாம். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தைத் திருத்தும் கருவி, டிஸ்க்கைப் பழுதுபார்க்காது. ‘/ஆர்’ சேர்த்து ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும். சுழலும் தட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் ஹெட் நலிந்திருந்தால், அதற்கு இது பல மணி நேரச் சுமை. போதாததற்கு, படிக்க முடியாத பகுதிகளை ஒதுக்கிவிட்டு ஃபோல்டர் விவரங்களையும் மாற்றி எழுதும். பின்னால் முழுதாக மீட்டிருக்கக்கூடிய ஃபைல்கள் பெயரில்லாத துண்டுகளாகிப்போகலாம்.

அந்த ஒரு நிமிட உறைவுக்குக் காரணம் இதுதான்: ஒரு செக்டர் (டிஸ்க்கில் டேட்டா பதியும் சிறு பகுதி) படிக்க வராவிட்டால் டிஸ்க் உடனே கைவிரிக்காது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அது தோற்றால் விண்டோஸ் மறுபடி கேட்கும். குறிப்பிட்ட ஃபோல்டரில் மட்டும் இது நடந்தால் அந்தப் பகுதி செக்டர்கள் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

உறுதிசெய்ய, டிஸ்க் தன் நலம் பற்றி வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ கணக்கைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் போதும். மேலே தெரியும் நிறத்தை மட்டும் நம்பாமல் நான்கு வரிகளின் ‘ரா’ (கச்சா) மதிப்பைப் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை. சி6 என்பது டிஸ்க்கின் சொந்தச் சோதனையிலும் தேறாதவை. சி5 பூஜ்யமாக இல்லையென்றால் உங்கள் போட்டோக்களில் சில இப்போதே சிக்கலில் இருக்கக்கூடும். அந்த எண்கள் வழக்கமாகப் பதினாறடிமானத்தில் காட்டப்படும். கடைசியில் 10 என்றிருந்தால் அது 16. சில கம்பெனி டிஸ்க்குகளில் 01, 07 வரிகளில் பெரிய எண் இருக்கும். அது சகஜம், பயப்பட வேண்டாம்.

நான்காவது வரி சி7. இது மட்டும் ஏறிக்கொண்டே போய் மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால், பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில் இல்லை, அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில். கேபிளை மாற்றுங்கள், பழைய எண் குறையாது, மேலும் ஏறாமல் நின்றால் போதும்.

எல்லாம் பூஜ்யமாக இருந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான ஸ்மார்ட் எச்சரிக்கை எதையுமே காட்டியிருக்கவில்லை. டிஸ்க் உறைகிறது, சத்தம் போடுகிறது என்றால் அதுவே போதுமான சாட்சி.

இனி காப்பி. அந்த டிஸ்க்கிலிருந்தே விண்டோஸ் பூட் ஆகிறது என்றால் அதை நிறுத்துங்கள். சும்மா ஓடும் விண்டோஸ்கூட எழுதிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில், முடிந்தால் யுஎஸ்பி வழியாக இல்லாமல் நேரடியாகச் சாட்டாவில் மாட்டுங்கள். சி5 ஒன்றிரண்டுதான் என்றால் திரும்பக் கிடைக்காத ஃபைல்களை முதலில் எடுங்கள், சினிமா எல்லாம் கடைசி. விண்டோஸின் காப்பி கட்டளையான ரோபோகாப்பியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: படிக்க முடியாத ஒரு ஃபைலை அது இயல்பாகவே 30 நொடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயலும்! மறுமுயற்சியையும் காத்திருப்பையும் 1 என்று மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

சி5 நூற்றுக்கணக்கில் இருந்தால் ஃபைல் ஃபைலாக எடுக்காதீர்கள். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி மூலம் டிஸ்க் முழுவதையும் அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க்கில் இமேஜாக (அச்சு அசலான ஒரே நகலாக) எடுங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளி, மோசமானவற்றைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் அதன் சிறப்பு. எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கட்டாயம் கொடுங்கள். நடுவில் டிஸ்க் சூடானால் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது மூலம், எது இலக்கு என்பதை சீரியல் எண்ணைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மாற்றிக் கொடுத்தால் கதை முடிந்தது. ஃபைல் மீட்பு மென்பொருள் எதுவானாலும் அந்த இமேஜின் நகல் மேல் ஓடட்டும்.

‘டிக் டிக்’ தாளகதியில் தொடர்ந்து வந்தாலோ, சுழல முடியாமல் ‘பீப்’ என்று முனகினாலோ உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். முதலாவது பெரும்பாலும் ஹெட் கோளாறு, இரண்டாவது தட்டு சிக்கிக்கொண்டது. இனி ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் தட்டைக் கீறும் வாய்ப்பு. ஃபிரீசரில் வைக்கும் வைத்தியம் வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் படியும். மூடியைத் திறக்கவும் கூடாது: ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர், சாதாரணத் தூசு அதைவிடப் பல மடங்கு பெரிது. அதே மாடலின் சர்க்யூட் போர்டை மாற்றினாலும் பல டிஸ்க்குகள் ஓடாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டிலுள்ள சிப்பில் இருக்கின்றன. டேட்டா முக்கியமென்றால் தூய அறை வசதியுள்ள மீட்பு நிலையத்துக்கு, தொடாமல் அப்படியே கொடுங்கள்.

எல்லாம் பத்திரமாக வெளியே வந்தபின், அந்த டிஸ்க்கை முழுவதும் பூஜ்யத்தால் எழுதுங்கள், சாதாரண குயிக் ஃபார்மேட் போதாது. எழுதும்போதுதான் காத்திருந்த செக்டர்களின் கதி முடிவாகும்: எழுத்து தங்கினால் சி5 மட்டும் இறங்கும், தங்காவிட்டால் 05 ஏறும். 05 ஏறினால், அல்லது சில நாளில் சி5 மறுபடி தலைகாட்டினால், வாரன்டி இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். வாரன்டியில் கிடைப்பது டிஸ்க் மட்டும்தான், உள்ளே இருந்த டேட்டா அல்ல.