கூரஸ் மஞ்சள் வீடு: கேள்வி பதில்

ஸ்காட்லாந்தில் ஃபோர்த் கழிமுகக் கரையில் கூரஸ் என்றொரு ஊர். அங்குள்ள பழைய கல் வீட்டைப் பற்றி வந்த கேள்விகள் இவை. சுண்ணாம்புச் சுவர்தான் என் துறை. மற்றதற்கெல்லாம் சுருக்கமாகவே பதில் வரும்.

கே: அரண்மனை என்கிறார்களே, எந்த ராஜா கட்டியது?

எந்த ராஜாவும் இல்லை. நிலக்கரியிலும் உப்பிலும் சம்பாதித்த சர் ஜார்ஜ் புரூஸ் 1597இல் தொடங்கி, 1611இல் விரிவாக்கினார். கடலுக்கடியில் சுரங்கம் ஓட்டிய மனிதர். மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1617இல் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1625 புயலில் சுரங்கம் மூழ்கியது.

கே: ஜன்னலில் மேல்பாதி மட்டும் கண்ணாடி, கீழே பலகைக் கதவு. ஏன்?

அந்தக் காலத்தில் கண்ணாடி விலை அப்படி. வெளிச்சத்துக்கு மேல்பாதி, காற்றுக்குக் கீழ்பாதி.

கே: பக்கச் சுவரின் உச்சி படிப்படியாக இருப்பது புகைபோக்கி துடைப்பவர் ஏறத்தானே?

வழிகாட்டிகள் சொல்லும் கதை. சரிவாகக் கல் செதுக்குவதைவிடச் சதுரக் கல்லை அடுக்குவது கொத்தனாருக்கு எளிது. நெதர்லாந்துப் பக்கமும் இதே பாணி உண்டு.

கே: கல் வீடு என்றால் கல் தெரிய வேண்டாமா? மஞ்சள் பூசி மறைத்துவிட்டார்களே!

மூலைக்கல்லும் ஜன்னல் ஓரக்கல்லும்தான் பார்ப்பதற்காகச் செதுக்கியவை. இடையில் இருப்பது கரடுமுரடான கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சரளை கலந்த சுண்ணாம்பை அதன்மேல் வீசி அடிப்பார்கள். ஹார்லிங் என்று பெயர். மேலே சுண்ணாம்பு வெள்ளை. இங்கே மஞ்சள் காவி மண் கலந்ததால் மஞ்சள். மழையில் நனைந்தாலும் வெயிலில் ஈரத்தை வெளியே விட்டுவிடும். பின்னாளில் வந்தவர்கள்தான் ‘கல் அழகு’ என்று பல வீடுகளில் அதை உரித்துப் போட்டார்கள்.

அதே நண்பர்: ஸ்டிர்லிங் கோட்டைப் பெரிய மண்டபத்துக்கும் இப்படித்தான் 1999இல் மஞ்சள் அடித்துக் கெடுத்தார்கள்.

இன்னொருவர்: கெடுக்கவில்லை ஐயா, மன்னர் நான்காம் ஜேம்ஸ் காலத்தில் இருந்தபடி ஆக்கினார்கள்.

இரண்டாமவர் பக்கம்தான் நான். அன்று ஊரே முகம் சுளித்தது உண்மை. ஆனால் நமக்குப் பழகிய சாம்பல் நிறம், பூச்சு உதிர்ந்த சுவரின் நிறம். அதைப் பழமை என்று கொண்டாடுவது எனக்கு ஒத்துவராது.

கே: சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் பூசினால் பலமாக இருக்காதா?

கூடவே கூடாது. ஸ்காட்லாந்திலேயே ஹெலன்ஸ்பர்க் ஊரில், கட்டடக் கலைஞர் மெக்கின்டாஷ் 1904இல் முடித்த ஹில் ஹவுஸ் வீட்டைப் பாருங்கள். சிமெண்ட் பூச்சு வெடித்து, உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவரே ஊறிப்போனது. 2019இல் வீட்டைச் சுற்றி ஒரு பெரிய உலோகவலைக் கூண்டே கட்டிக் காயவைக்க வேண்டியதாயிற்று.

கே: விரிசலில் மட்டும் கொஞ்சம் சிமெண்ட்?

மேலே படியுங்கள்.

கே: வெள்ளை சிமெண்ட்?

அதுவும் சிமெண்ட்தான்.

கே: இது டிவி சீரியலில் வந்த ஊர்தானே?

ஆமாம். நாலாவது தடவை கேட்கிறீர்கள்.

கே: காரைக்குடியில் எங்கள் தாத்தா வீட்டுச் சுவரில் ஈரம் ஏறுகிறது...

அந்த ஊர் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் வரும்வரை யாரையும் சிமெண்ட் மூட்டையோடு உள்ளே விடாதீர்கள்.

கே: கூரஸ் வீட்டுக்குள் போக முடியுமா?

முடியும். 1932இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை வாங்கியது. நேரத்தை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓவியம் தீட்டிய மரக்கூரை உண்டு, அண்ணாந்து பாருங்கள்.