வீடு தீப்பிடித்தால் நாய், பூனைகளைக் காப்பாற்ற தீயணைப்பு வீரர்களிடம் தனிக் கருவி இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல தீயணைப்பு வண்டிகளில் விலங்குகளுக்கென்றே ஆக்சிஜன் மாஸ்க் வைத்திருக்கிறார்கள். நமக்கான மாஸ்க் நாயின் நீண்ட மூக்கில் சரியாகப் பொருந்தாது. ஓரமாக ஆக்சிஜன் கசிந்துவிடும். விலங்குகளுக்கான மாஸ்க் புனல் மாதிரி இருக்கும், விளிம்பில் ரப்பர் வளையம். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிவிடலாம். பூனை, சின்ன நாய், பெரிய நாய் என்று அளவு வாரியாக உண்டு. கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம்.

ஆக்சிஜன் ஏன் இவ்வளவு அவசரம்? வீட்டுத் தீயில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது புகைதான். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைத் தொடர்ந்து கொடுத்தால் அது சீக்கிரம் விலகும். கால்நடை மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை காத்திருக்க முடியாது.

அமெரிக்காவில் இன்விசிபிள் ஃபென்ஸ் நிறுவனத்தின் 'புராஜெக்ட் பிரீத்' திட்டமும், பிரிட்டனில் 'ஸ்மோக்கி பாஸ்' அமைப்பும் தீயணைப்புத் துறைகளுக்கு இவற்றை நன்கொடையாகத் தருகின்றன. அருமையான வேலை இது.

சரி, மாஸ்க் மட்டும் போதுமா? போதாது. கழுத்துக் கயிறும் தடித்த கையுறையும் வேண்டும். பயந்துபோன பூனை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும், பிடிக்கப் போனால் கடிக்கும். அதனால் நீங்கள் வெளியே வந்ததும் பூனை வழக்கமாக எங்கே ஒளியும் என்பதை வீரர்களிடம் சொல்லுங்கள். தயவுசெய்து நீங்களே திரும்ப உள்ளே ஓடாதீர்கள்.