ஊட்டிக் குளிரில் ஓட்டம்: கேட்டவர்களுக்குப் பதில்

ஊட்டியில் பதினோரு வருடமாகக் காலையில் ஓடுகிறேன். டாக்டர் அல்ல. எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கோவையில் 10 கி.மீ. அநாயாசமாக ஓடுவேன். ஊட்டியில் மூன்றாவது கிலோமீட்டரிலேயே நாக்கு தள்ளிவிட்டது. உடம்பில் கோளாறா?

உடம்பில் இல்லை, உயரத்தில். ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவே. மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய இதே உயரம். 1968 ஒலிம்பிக்கில் அங்கே 10,000 மீட்டரில் தங்கம் வாங்கிய கென்யாவின் நஃப்தாலி டெமுவுக்கே 29 நிமிடம் 27 விநாடி ஆனது. 27:39 என்ற உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. அவருக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

முதல் இரண்டு நாள் நடங்கள். மூன்றாம் நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். கைக்கடிகாரத்தை ரூமிலேயே விட்டுவிடுங்கள். அப்புறம், இருட்டில் கிளம்பாதீர்கள்.

ஒரு வாரம் தங்கிப் பயிற்சி எடுத்தால் சென்னை மாரத்தானில் வேகம் கூடுமா?

கூடாது. ரத்தத்தில் சிவப்பணு பெருக மூன்று, நான்கு வாரமாவது வேண்டும். ஒரு வாரத்துக்கு வர்க்கி சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

ஜனவரியில் என்ன போட்டுக்கொண்டு ஓடுவது?

ஸ்வெட்டர் வேண்டாம். ஏற்றத்தில் வியர்த்து நனையும், இறக்கத்தில் காற்றடித்தால் பல் கிட்டும். சீக்கிரம் உலரும் பனியன், மேலே மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட், காதை மூடும் குல்லா, கையுறை. வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர்ந்தால் அளவு சரி.

குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி அதிகம். உப்பைக் கொட்டினாற்போல் புல் வெளுத்திருக்கும், மிதித்தால் நறநறவென்று நொறுங்கும். அழகுதான். அதை ரசித்துக்கொண்டே ஒரு சிறுபாலத்தில் கால் வைத்து, முழங்கையில் தோலை விட்டுவிட்டு வந்தவன் நான்.

ஆஸ்துமா உண்டு. ஓடலாமா?

உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். குளிர்ந்த, உலர்ந்த காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். மஃப்ளரால் வாயை மூடுவதும் இன்ஹேலரைப் பையில் வைப்பதும் என் தரப்பு.

நாலரை மணிக்கு தொட்டபெட்டா ரோட்டில் ஓடலாமா?

கூடாது. முதல் பதிலின் கடைசி வரி.

காட்டெருமை எதிரே வந்தால்?

நின்றுவிடுங்கள். சத்தம் போடாமல், முதுகு காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். செல்ஃபி எடுக்கிற ஜந்து அல்ல. பெரிய காளை ஒரு டன் வரும். ஒன்று சொல்லிவிடுகிறேன், அது எருமையே அல்ல, மாட்டு இனம். காட்டுமாடு என்பதுதான் சரி.

நான் குன்னூர். தாத்தா காலத்திலிருந்து காட்டெருமைதான். பேப்பரிலும் அப்படித்தான் போடுகிறார்கள். நீங்கள் யார் மாற்ற?

பேப்பரில் போட்டால் கொம்பு மாறிவிடுமா? நிஜமான காட்டு எருமை அஸ்ஸாம் பக்கம் இருக்கிறது. இதன் முழங்காலுக்குக் கீழே பாருங்கள், வெள்ளைக் காலுறை மாட்டினாற்போல் இருக்கும். மூடுபனியில் முதலில் தெரிவதே அந்த நாலு கால்தான்.

அப்படியானால் தோடர் எருமை?

அது அசல் எருமை, வீட்டு வளர்ப்பு. இரண்டையும் குழப்ப வேண்டாம். குன்னூர்க்காரரே, தாத்தா சொன்னது தாத்தாவோடு இருக்கட்டும்.

குன்னூர்தான் மறுபடியும். காட்டெருமைக்கு "ஆமா", "காட்டி" என்றும் பழைய பெயர்கள் இருக்கின்றனவே, அதையும் திருத்துவீர்களா?

அவை நல்ல பெயர்கள். எருமை என்ற சொல் அவற்றில் எங்கே இருக்கிறது? என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்கு…

மூடுபனியில் லைட் அடித்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஆறேமுக்கால் ஆகும். அதுவரை தூங்குங்கள்.