பழைய கம்பெனியா, இலவசப் புட்டியா?

கேள்வி: பேரனுக்கு இரண்டு மாதம். மகளுக்குத் தாய்ப்பால் போதவில்லையோ என்று சந்தேகம். நூறு வருடத்துக்கு மேலான கம்பெனி என்பதால் நெஸ்லே பால்மா கேட்டேன். கடைக்காரரோ வேறொரு டப்பாவை நீட்டி, "இதற்குப் பால் புட்டி இலவசம்" என்கிறார். எதை வாங்கலாம்?
- ஒரு பாட்டி, திருச்சி

பதில்: இலவசப் புட்டியைத் தொடாதீர்கள். இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் பால்மாவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம், இலவசம், மாதிரி டப்பா எதுவும் கூடாது என்கிறது 1992ஆம் ஆண்டுச் சட்டம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பிஸ்கட் பொட்டலத்தில்கூடக் குழந்தை சிரிக்கும். ஆனால் பால்மா டப்பாவில் குழந்தை படமோ தாய் படமோ இருக்கக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு கட்டாயம்.

இப்படியொரு கெடுபிடி வந்த கதையில் நீங்கள் நம்பும் கம்பெனிக்கும் பெரிய பங்கு உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்த ஹென்றி நெஸ்லே, சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் 1867இல் பசும்பால், கோதுமை மாவு, சர்க்கரை சேர்த்துக் குழந்தை உணவு தயாரித்தார். 1875இல் கம்பெனியை விற்றுவிட்டு ஒதுங்கினார். டின் பால் விற்ற ஆங்கிலோ-சுவிஸ் கம்பெனியோடு அது இணைந்தது 1905இல். காபித்தூளும் மேகியும் பிறகு வந்தவை.

1970களில்தான் வில்லங்கம். ஏழை நாடுகளில் நர்ஸ் போல் உடுத்திய விற்பனைப் பெண்கள் இலவச மாதிரி டப்பாக்களைக் கொடுத்தார்கள் என்று பால்மா கம்பெனிகள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. புட்டிக்குப் பழகிய குழந்தை மார்பில் குடிப்பதைக் குறைக்கும். தாய்க்குப் பால் வற்றும். பிறகு காசு கொடுத்து வாங்கியே தீர வேண்டும். காசில்லாதவர்கள் அசுத்தத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்தார்கள். 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981இல் உலக சுகாதார அமைப்பு பால்மா விற்பனை நெறிமுறையை நிறைவேற்றியபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. அந்த நெறிமுறையின் வழிவந்ததே நம் சட்டம்.

ஆகவே கம்பெனியின் வயதும் ஒரு சான்றிதழ் அல்ல. பால் போதுகிறதா என்பதை எடை பார்த்துக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும். கடைக்காரருக்கு அதில் வேலையில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அந்த வகையையே வாங்குங்கள். மூடியின் முத்திரை, காலாவதித் தேதி பாருங்கள். டப்பாவிலேயே இருக்கும் கரண்டியால், அச்சிட்ட அளவுப்படி கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள். சிக்கனம் கருதி நீர் கூட்டாதீர்கள்.

இலவசம் தந்த கடையைப் பற்றி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.