தப்பான கியர் ஆயில் ஊத்தி கியர் பாக்ஸ் போச்சு, கேஸ் போடலாமா?

கேள்வி (சுருக்கமா): தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டம் வச்சிருக்கேன், வயசு 29. அப்பாவோட பிஎஃப் காசுல எடுத்த ஃபோர் வீல் டிரைவ் ஜீப். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கியர் ஆயில் ஸ்டாக் இல்ல, வெளில வாங்கிட்டு வாங்கன்னாங்க. வத்தலக்குண்டுல வாங்கிக் குடுத்தேன், அவங்கதான் ஊத்தினாங்க. அஞ்சு மாசத்துல ரெண்டாவது, மூணாவது கியர் போடும்போது கரகரங்குது, டிரான்ஸ்ஃபர் கேஸ்லயும் (முன், பின் சக்கரத்துக்கு இழுவையப் பிரிக்கிற பெட்டி) சத்தம். இப்ப தப்பான ஆயில், வாரன்டி கிடையாதுன்னு 1,40,000 எஸ்டிமேட் குடுக்குறாங்க. மேனேஜர் மரியாதையில்லாம பேசிட்டார். 10 லட்சம் நஷ்டஈடு கேக்கலாமா? அடுத்த வாரம் வெளி மெக்கானிக்கிட்ட பிரிக்கக் குடுக்கறேன்.

பதில்: பிரிக்காதீங்க. மொதல்ல அந்த மெக்கானிக்குக்கு போன் பண்ணி நிறுத்துங்க, மத்தத அப்புறம் படிங்க.

தம்பி, மூணு பக்கத்துக்கு எழுதியிருக்கீங்க, மேனேஜர் பேசினது, ரெண்டு மணி நேரம் வெளில நிக்க வச்சது, அப்பா காசு, எல்லாம் கஷ்டம்தான், ஆனா வழக்குல அது எதுவும் நிக்காது. நிக்கப்போறது ஒரே கேள்வி, அந்த ஆயில் இந்த கியர் பாக்ஸுக்கு சரின்னு முடிவு பண்ணது யாரு? ஜாப் கார்டுல 'கஸ்டமர் கொடுத்த ஆயில்'னு எழுதி உங்க கையெழுத்து வாங்கிட்டாங்க, அத வச்சுத்தான் அவங்க தைரியமா பேசறாங்க. ஆனா நீங்க கடைசிப் பக்கத்துல போகிற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, சர்வீஸ் அட்வைசர் வாட்ஸ்அப்ல '80டபிள்யூ-90 ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வாங்க'ன்னு அனுப்பினார்னு. உங்க கேஸே அந்த ஒரு மெசேஜ்தான். அந்த போன மாத்தாதீங்க, சாட்ட அழிக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, புது சாட்சிய சட்டம் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63ஆம் பிரிவு சான்றிதழோட தாக்கல் பண்ணணும்.

அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. அவர் சொன்னது ஆயிலோட கெட்டி மட்டும்தான், ஜிஎல் நம்பர் (பல்லக் காக்கிற அடிட்டிவ் எந்த அளவுன்னு காட்டற தரம்) சொல்லல. உங்க ஓனர்ஸ் மேனுவல்ல கியர் பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4, ஆக்சில் டிஃபரென்ஷியலுக்கு (வளைவுல ரெண்டு பக்கச் சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற பல் பெட்டி) ஜிஎல்-5னு தனித்தனியா போட்டிருக்குன்னு எழுதியிருக்கீங்க. கடைக்காரர் குடுத்தது ஜிஎல்-5. அது டிஃபரென்ஷியல் பல்லுக்கு நல்ல ஆயில், ஆனா அதுல கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த அடிட்டிவ் ஜாஸ்தி, வழுக்கலும் ஜாஸ்தி, அதனால பித்தளை சின்க்ரோ ரிங் (கியர் மாத்தும்போது வேகத்த ஒண்ணாக்கற வளையம்) சரியா பிடிக்காது, சூட்டுல நாள்பட பித்தளைய அரிக்கவும் செய்யும். 'நாங்க 80டபிள்யூ-90தான் சொன்னோம், ஜிஎல்-5 வாங்கினது அவர்'னு வாதம் வைப்பாங்க. அதுக்கு நம்ம பதில், டின் லேபிளப் படிச்சுப் பாத்து ஊத்த வேண்டியது தொழில் தெரிஞ்ச சர்வீஸ் சென்டரோட வேலை, அதுக்குத்தான் லேபர் சார்ஜ் வாங்கினாங்க. இந்த பதில் நிக்கும். காலி டின் இருக்கான்னு இன்னைக்கே தேடுங்க, அதுல ஜிஎல்-4, ஜிஎல்-5 ரெண்டுக்கும் ஆகும்னு போட்டிருந்தா (அப்படியும் சில ஆயில் வருது) உங்க கேஸ் ரொம்ப பலவீனமாயிடும், அது இப்பவே தெரியறது நல்லது.

இப்ப எதுக்கு பிரிக்காதீங்கன்னு சொன்னேன்னா, எங்கிட்ட வர்ற வண்டி கேஸ்ல பாதிக்கு மேல தோக்கறது இங்கதான். ஆள் அவசரத்துல வெளில பிரிப்பார், மெக்கானிக் ஆயில வடிச்சு கீழ ஊத்திடுவார், தேஞ்ச ரிங்கு பழைய இரும்புக் கடைக்குப் போயிடும், நுகர்வோர் கமிஷன்ல வந்து நிக்கும்போது கையில ஒரு பில்லு தவிர ஒண்ணும் இருக்காது. சேவைக் குறைபாட நிரூபிக்க வேண்டியது புகார் குடுத்தவர்தான்னு சுப்ரீம் கோர்ட் 2021ல எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்குல சொல்லிடுச்சு, அதனால 'அவங்க நிரூபிக்கட்டும்'னு உக்காந்திருக்க முடியாது. சர்வீஸ் சென்டருக்கு அனுப்பற வக்கீல் நோட்டீஸ்லயே தேதி, இடம் போட்டு ரெண்டு தரப்பும் சேர்ந்து பிரிச்சுப் பாக்கலாம்னு எழுதுங்க. வந்தாலும் வராட்டியும் வீடியோ எடுங்க, வடியிற ஆயில ரெண்டு சுத்தமான பாட்டில்ல பிடிச்சு சீல் வைங்க, ஒண்ணு அவங்களுக்கு. பழைய பார்ட்ஸ் ஒண்ணக்கூட விடாதீங்க. அவங்க வரவே மாட்டேன்னா திண்டுக்கல் கமிஷன்லயே மனு போட்டு நிபுணர வச்சுப் பிரிக்கக் கேக்கலாம்.

அடுத்த ஆபத்து உங்க எழுத்துலயே இருக்கு. 'மலை ஏறும்போது எப்பவும் ஃபோர் ஹை போட்டுத்தான் போவேன்'னு (நாலு சக்கரத்துக்கும் இழுவை குடுக்கற கியர்) பெருமையா எழுதியிருக்கீங்க. காஞ்ச தார் ரோட்டுல பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ போட்டு வளைவு வளைவா ஏறினா முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் சுத்தும், நடுவுல டிஃபரென்ஷியல் கிடையாது, அந்த முறுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின்லயும் ஏறும். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில மொத கேள்வியே இதாத்தான் கேப்பார். பொய் சொல்லச் சொல்லல, கேட்டா உண்மையச் சொல்லித்தான் ஆகணும். அதனால டிரான்ஸ்ஃபர் கேஸ் சத்தத்தையும் கியர் பாக்ஸ் கரகரப்பையும் ஒண்ணாக் கட்டி கேக்காதீங்க. ஆயிலோட தொடர்பு காட்ட முடியறது சின்க்ரோ ரிங்குக்கும் அதோட சேர்ந்த ஸ்லீவுக்கும்தான், செயினுக்கு முடியாது, அதையும் சேர்த்துக் கேட்டா நல்ல பாதியும் சந்தேகத்துக்குப் போயிடும்.

10 லட்சம் கேக்காதீங்க. ரிப்பேர் செலவும் கொஞ்சம் மன உளைச்சலும் அளவா கேட்டாத்தான் மதிப்பு. புகார் போட பிரச்சினை வந்த நாள்லேருந்து டைம் ரெண்டு வருஷம் இருக்கு, அவசரமில்ல. தோட்டத்துக்கு ஓட்டறதால வணிகப் பயன்பாடு, நீங்க நுகர்வோரே இல்லன்னு கிளப்புவாங்க, உங்க பிழைப்புக்கு நீங்களே ஓட்டற வண்டின்னு புகார்லயே எழுதிடுங்க. ஜெயிச்சாலும் அவங்க பாதிப் பணத்தக் கட்டிட்டு மாநில நுகர்வோர் கமிஷனோட மதுரை பெஞ்சுக்கு அப்பீல் போகலாம், அதுவரைக்கும் ஜீப் ஷெட்டுலதான் நிக்கும், காபி பறிக்கிற சீசன்ல வண்டியில்லாம நீங்க எத்தன நாள் தாங்குவீங்க?

வெளிப்படையாச் சொல்றேன், சமாதானமாப் போங்க. நோட்டீஸ் போனதும், அந்த வாட்ஸ்அப் மெசேஜ அதுல பாத்ததும், அவங்களே பேச வர வாய்ப்பு அதிகம். கியர் பாக்ஸ் பார்ட்ஸும் லேபரும் அவங்க, டிரான்ஸ்ஃபர் கேஸ் நீங்கன்னு பிரிச்சுக் கேளுங்க, ஊத்தப்போற ஆயில் கிரேட ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க, செஞ்ச வேலைக்கு ஆறு மாச கேரன்டி எழுத்துல வாங்குங்க. வண்டி எடுக்கற அன்னைக்கு 'முழு திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை'ன்னு ஒரு பேப்பர் நீட்டுவாங்க, ஒரு வாரம் மலை ஏறி இறங்கிப் பாத்துட்டுத்தான் அதுல கையெழுத்து.