ஹாப் சோடா கசக்கிறதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நண்பரே, புதுக் கெக் (சோடாவைக் கேஸ் அழுத்தத்தில் அடைத்துவைக்கும் கலன்) வாங்கி, பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப் பூவைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்துச் சோடா போட்டதில் வாசனையே இல்லை, பச்சிலைக் கசப்புதான் நாக்கில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் பீர் காய்ச்ச நம் மாநிலத்தில் அனுமதியில்லை, மது இல்லாத ஹாப் சோடாவுக்கு வந்தது நல்ல முடிவு. கெக் மேல் குற்றமில்லை. கொதியில்தான் ஹாப்பின் ஆல்ஃபா அமிலங்கள் கடும் கசப்பாக மாறுகின்றன. வாசனை எண்ணெயோ ஆவியோடு போய்விடுகிறது.

அதைவிட எனக்குச் சந்தேகம், நீங்கள் ஊற்றிய அவிநாசி போர் தண்ணீர் மேல்தான். உப்புத் தண்ணீரில் பைகார்பனேட் என்ற காரம் அதிகமிருந்தால் ஹாப்பின் துவர்ப்பு நிறைய இறங்கிவிடும். சிறுவாணித் தண்ணீர் கிடைத்தால் அருமை, இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர். ஹாப் போடும் முன்பே எலுமிச்சை பிழிந்து பிஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடும் அளவு) 4 பக்கம் கொண்டுவாருங்கள். தயவுசெய்து இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அப்புறம், கொதித்து 75 டிகிரிக்கு ஆறிய தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் ஹாப், 20 நிமிடம் போதும். வடிகட்டி, நன்றாகக் குளிர்ந்த பிறகே கேஸ் ஏற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரியமில வாயு சரியாகக் கரையாது. 4 டிகிரியில் 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு நாள் இருக்கட்டும். கேஸ் விட்டதும் மேல் வால்வைச் சிலமுறை இழுத்து உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றிவிடுங்கள், காற்று பட்டால் ஹாப் வாசனை சீக்கிரம் மங்கிவிடும். மீதி ஹாப் பாக்கெட்டை இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள்.